பானை ஓட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வணக்கம் மக்களே. மன்னார்குடி பக்கம் ஒரு வயலில் நிற்கிறேன். உளுந்து எடுத்தாயிற்று, நல்ல சித்திரை வெயில், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். பார்த்தீர்களா, கை மணிக்கட்டைத் தாண்டி இறங்குகிறது. மேட்டூர் திறந்து தண்ணீர் ஏறினால் இதே வெடிப்பு மூடிக்கொள்ளும்.

இது ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமத்தின் வேலை. புத்தகத் தாள்போல அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் தண்ணீர் புகுந்தால் உப்பும், போனால் சுருங்கும். எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தக் குணம் போகாது. ஸ்வீடனில் அணுக்கழிவு அடைத்த செப்புக் கலன்களைப் பாறைக்கு அடியில் புதைக்கும்போது சுற்றிலும் இந்த இனக் களியைத்தான் அடைக்கப் போகிறார்கள். தண்ணீர் பட்டதும் உப்பி இடுக்கையெல்லாம் மூடிவிடும். ஆனால் களியின் சூடு 100 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

சூளைச் சூடு வேறு கதை. 500, 600 டிகிரிக்குப் போகும்போது அடுக்குக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி), நீராவியாக வெளியேறிவிடுகிறது. அதற்கப்புறம் எத்தனை நாள் ஊறவைத்தாலும் பானை களியாகாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று நம்ம ஊரில் சும்மாவா சொன்னார்கள்!

சரி, நான் பேச வந்த விஷயம் இனிமேல்தான். களியோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற மணல்போன்ற கனிமத் துகள்களும் கலந்திருக்கும். எந்த மண்ணிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 துளித்துளி இருக்கிறது. அவற்றின் கதிர்வீச்சு, துகளுக்குள் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். அதில் சில, படிகத்தில் உள்ள குறைகளில் மாட்டிக்கொள்ளும். வருடம் ஏற ஏற மாட்டியவை சேர்ந்துகொண்டே போகும். சூளையில் வேகும்போது அத்தனையும் விடுபட்டுக் கணக்கு பூஜ்யமாகிவிடுகிறது. பானை ஆறிய நாளிலிருந்து புதுக் கணக்கு. பல நூற்றாண்டு கழித்து ஆய்வகத்தில் அந்தத் துகளைச் சூடாக்கினால், மாட்டியிருந்தவை விடுபட்டு மங்கலாக ஒளி விடும். இதற்கு வெப்ப ஒளிர்வு என்று பெயர். ஒளியை அளந்து இதுவரை வாங்கிய மொத்தக் கதிர்வீச்சைக் கணக்கிட்டு, அதை ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்பதால் வகுத்தால் வயது.

பூம்புகார் பக்கத்தில் கீழையூரில் செங்கல் படகுத்துறை கிடைத்தபோது அதில் மரக்கம்பங்கள் இருந்தன. அதனால், ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளின் வயதைச் சொல்லும் கார்பன் முறையில் கி.மு. 4ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் என்று சொல்ல முடிந்தது. மரமோ கரியோ மிஞ்சாத இடத்தில் ஓடுதான் சாட்சி.

அதனால்தான் இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன். மீன்குட்டை வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பழைய ஓடு தெரிந்தால் பிடுங்கிக் கழுவாதீர்கள். அந்த ஓடு வாங்கிய கதிர்வீச்சில் ஒரு பங்கு, சுற்றி ஓர் அடி தூரத்து மண்ணிலிருந்து வந்தது. அந்த மண்ணையும் அளக்காமல் வருடக் கணக்கைச் சரியாகப் போட முடியாது. ஓட்டை மட்டும் எடுத்து வந்து அலமாரியில் வைத்தால் பாதிக் கணக்கு வயலிலேயே போய்விடும். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, மண்ணோடு மூடிவைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். ஜேசிபி வேலையை அன்றைக்கு மட்டும் அந்த மூலையில் நிறுத்தச் சொல்லுங்கள்.