படலையில் நின்ற இலத்திரன்கள்

வணக்கம். 1990களில் வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை, பற்றறியும் கிடைக்காது, இரவுச் செய்தி கேட்க வேண்டுமென்றால் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். நடுவில் ஒரு பலகைத் துண்டில் நாலு டயோட்டைப் பொருத்தியிருந்தார் அண்ணா. சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துவிடும், "சுத்தடா தம்பி" என்று அப்பா சத்தம் போடுவார்.

அந்த டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற்று. பழைய வால்வு றேடியோ என்றால் வால்வுகளைச் சூடாக்கவே அது காணாது. வால்வின் வேலையைக் கொஞ்ச மின்சாரத்திலேயே செய்யும் திரான்சிற்றர் வந்ததால்தான் கண்டது. அதை உண்டாக்கியவர்களில் ஒருவரான ஜோன் பார்டீனைப் பற்றித்தான் பேச வந்தேன். மிக மெல்லிய குரலில் பேசுகிறவராம்.

1945இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சொக்லி என்ற விஞ்ஞானி ஒரு கணக்குப் போட்டார். குறைகடத்தி, அதாவது மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் பொருள், அதன் துண்டுக்கு வெளியே மின்புலத்தைக் கொடுத்தால் உள்ளே ஓடும் மின்னோட்டம் கூடவோ குறையவோ வேண்டும். செய்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. அதே குழுவில் இருந்த பார்டீன் காரணம் சொன்னார்: மேற்பரப்பில் இலத்திரன்கள் சிக்கி நிற்கின்றன, வெளியே இருந்து வருவதை அவையே மறித்துவிடுகின்றன. படலையில் நாலு பேர் நின்று, வந்தவரை விசாரித்துத் திருப்பி அனுப்பினால் வீட்டுக்குள் இருப்பவருக்கு ஆள் வந்ததே தெரியாதல்லவா, அதுதான். எனக்கு அந்த மனிதரில் மிகவும் பிடித்தது இந்த இடம். பிழைத்துப்போன சோதனையை அவர் தூக்கி எறியவில்லை, அது ஏன் பிழைத்தது என்று கேட்டார்.

அதன்பிறகு அந்தக் குழு மேற்பரப்பைத்தான் தோண்டியது. திரும்பவும் சொல்கிறேன், மேற்பரப்பை. 1947 டிசம்பர் 16 அன்று பார்டீனும் அவரோடு வேலை செய்த பிராட்டெயினும், பிளாஸ்டிக் முக்கோணம் ஒன்றில் பொன் தகட்டை ஒட்டி, முனையில் மெல்லியதாகக் கீறி, ஜேர்மானியம் என்ற குறைகடத்தியின் துண்டு ஒன்றின் மேல் அழுத்தினார்கள். சிறிய மின்சைகை பெரிதாகி வெளியே வந்தது. அதுதான் முதல் திரான்சிற்றர். 1956இல் சொக்லியோடு சேர்த்து நோபல் பரிசு. இன்று உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் திரான்சிற்றர்கள், அன்று சொக்லிக்குச் சரிவராத அதே வழியில்தான் வேலை செய்கின்றன. படலையில் நின்றவர்களை விலக்கப் பழகியதால் வந்தது அது.

சரி, கண்ணாடிக்கு அப்பால் மணியைக் காட்டுகிறார்கள். மீகடத்தியைச் சொல்லாமல் போக முடியாது. கடுங்குளிரில் சில உலோகங்களில் மின்தடை அடியோடு இல்லாமல் போவதை, அதாவது அவை மீகடத்தி ஆவதை, 1911இலேயே கண்டுவிட்டார்கள். ஏன் என்று சொல்ல 1957 வரை சென்றது. கூப்பர், ஷ்ரீஃபர் என்ற இரண்டு இளையவர்களோடு பார்டீன் சொன்னார், இலத்திரன்கள் சோடி சேர்ந்து தடையில்லாமல் ஓடுகின்றன என்று. 1972இல் மறுபடியும் நோபல் பரிசு. பௌதிகவியலில் அதை இரண்டு முறை பெற்றவர் அவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ கருவியின் காந்தச் சுருளில் ஓடுவது அப்படித் தடையில்லாத மின்னோட்டம்தான். நேரமாகிவிட்டது, வணக்கம்.