ஒவ்வொரு செயலிக்கும் ஒரு கணக்கேடு

நேயர்களுக்கு வணக்கம். கணினி தன் நேரத்தை எந்த நிரலில் செலவழிக்கிறது என்று காட்டும் ப்ரொஃபைலரின் அடிப்படை எளியது. டைமர் விநாடிக்கு 100 முறையோ 1000 முறையோ செயலியை (பிராசசரை) குறுக்கிடும்போதெல்லாம், அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆணையின் முகவரியை அது குறித்துக்கொள்கிறது. எந்த முகவரிக்கு எண்ணிக்கை ஏறுகிறதோ, அங்கேதான் நேரம் போகிறது.

செயலிகள் பலவானதும் இந்த எளிமை குலைகிறது. பழைய பிசிகளின் 8254 டைமர் எழுப்பும் ஒரு குறுக்கீடு ஒரே செயலியைத்தான் சென்றடையும். மற்றவை என்ன செய்தன என்பது பதிவாகாது. ஆகவே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், ஒவ்வொரு செயலிக்குள்ளும் இருக்கும் லோக்கல் ஏபிக் டைமரைக் கொண்டு தனித்தனியே டிக் என்னும் டைமர் குறுக்கீட்டை எழுப்புகிறது.

அடுத்து, எண்ணிக்கையை எங்கே எழுதுவது? எல்லாச் செயலிகளும் ஒரே பட்டியலில் எழுதினால், அந்த எண் இருக்கும் கேஷ் வரி (செயலி தன்னருகே வைத்துக்கொள்ளும் நினைவகத் துண்டு) ஒவ்வொரு டிக்கிலும் செயலிக்குச் செயலி இழுபடும். நூற்றுக்கணக்கான செயலிகள் உள்ள இயந்திரத்தில், குறுக்கீட்டைக் கவனிப்பதிலேயே நேரம் கரைந்து உண்மையான வேலை நகராமல் நின்றுவிடலாம். கெர்னல் 2024 வரை கையாண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு சிறிய ஹாஷ் அட்டவணைகள், அதாவது முகவரியை வைத்து எண்ணிக்கையை விரைவில் தேடக்கூடிய ஏடுகள், இருந்தன. ஒன்றில் குறிப்பு விழுந்துகொண்டிருக்க, பயனர் கணக்கைப் படிக்க வரும்போது எல்லாச் செயலிகளும் மற்றதற்கு மாறிக்கொள்ளும். அதுவரை எழுதப்பட்ட ஏடு நிதானமாகப் பொதுப் பட்டியலில் சேர்க்கப்படும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பிழை மிஞ்சுகிறது, அதுதான் பலரை ஏமாற்றுகிறது. கெர்னல் சில இடங்களில் குறுக்கீடுகளைத் தடுத்துவைத்து வேலை செய்யும். அப்போது வரும் டிக் காத்திருந்து, தடை நீங்கியவுடன் விழும். எனவே உள்ளே செலவான நேரமெல்லாம், ஒரே தரவை இரு செயலிகள் ஒருசேர மாற்றாமல் காக்கும் பூட்டை விடுவித்துக் குறுக்கீட்டைத் திறக்கும் அந்தச் சின்னஞ்சிறு செயற்கூறின் பெயரில் ஏறிவிடுகிறது. 'ஸ்பின் அன்லாக் ஐஆர்க்யூ ரீஸ்டோர்' என்னும் அந்தச் செயற்கூறு பட்டியலின் உச்சியில் நின்றால், அதைச் சீர்படுத்தப் புகுவது வீண் உழைப்பு.

தடுக்கவே முடியாத என்எம்ஐ குறுக்கீடு இதற்கு மருந்து. 2002இல் கெர்னலில் சேர்ந்து 2021இல் நீக்கப்பட்ட ஓப்ரொஃபைல் என்னும் ப்ரொஃபைலர் செய்ததுபோலவே, 2009இல் 2.6.31 பதிப்போடு வந்த பெர்ஃபும், செயலியின் நிகழ்வெண்ணி (செயலிக்குள் நடப்பவற்றை எண்ணும் வன்பொருள்) நிரம்பும்போது என்எம்ஐயை எழுப்பித் தடைக்குள்ளேயே மாதிரி எடுக்கிறது. அந்த எண்ணி கிடைக்காத மெய்நிகர் கணினிகளில் டைமரே கதி. அங்கே அந்தப் பெயர் மேலே வந்தால், அதை அழைத்தவர் யார், பூட்டை எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்தார் என்றுதான் நான் தேடத் தொடங்குவேன்.