வரிசை நிற்க வாசல் வேண்டாமா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"புதிய தொழிலைக் காலூன்ற வைப்பது பொருளின் தரமா, சந்தைக்குக் கொண்டுபோகும் வழியா?" இதுதான் தலைப்பு. தரத்துக்காகப் பேசிய எதிரணித் தலைவர் ஐயா, "பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுக் கைதட்டலோடு போய் உட்கார்ந்தார். நானும்தான் தட்டினேன். ஆனால் பூவாசம் எந்தப் பக்கம் போகும் ஐயா? காற்று அடிக்கிற பக்கம் மட்டும்தான் போகும். அந்தக் காற்றுக்காகத்தான் நாங்கள் வாதாட வந்திருக்கிறோம்.

ஐயா ஐபோனைச் சொன்னார். தரம் இருந்ததால் 2007-ல் ஜனங்கள் வரிசையில் நின்றார்களாம். நின்றார்கள், மறுக்கவில்லை. எங்கே நின்றார்கள்? பல ஊர்களில் ஆப்பிளின் சொந்தக் கடை வாசலில். அந்தக் கடைகளை 2001-லேயே திறக்கத் தொடங்கிவிட்டார்கள். வாசல் முதலில் வந்தது, ஆறு வருஷம் கழித்துத்தான் போன் வந்தது!

இப்போது என் சாட்சி. நாம் யாராவது "ஒளிநகல் எடுத்து வா" என்கிறோமா? "ஜெராக்ஸ் எடுத்து வா" என்கிறோம். அந்தப் பெயரை நம் வாயில் ஏற்றிய எந்திரம் ஜெராக்ஸ் 914. வந்த வருஷம் 1959. எடை ஏறத்தாழ 300 கிலோ. அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: உள்ளே தாள் சிக்கினால் சில சமயம் தீப்பிடிக்கும். அதனால் எந்திரத்தோடு ஒரு சின்னத் தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதற்குத் 'தீயணைப்பான்' என்று பெயர் வைத்தால் வாங்குகிறவர் ஓடிவிடுவார் இல்லையா? 'கருகல் நீக்கி' என்கிற பொருளில் நாசூக்காக ஒரு பெயர் சூட்டினார்கள். (எங்கள் அணியின் கைவண்ணத்தை அங்கேயே பார்க்கலாம்.)

ஐபிஎம் போன்ற பெரிய நிறுவனங்கள் இதற்குச் சந்தையே இல்லை என்று ஒதுங்கிக்கொண்டன. அவர்கள் கணக்கும் தப்பில்லை. மற்ற நகல் எந்திரங்கள் மலிவாகக் கிடைத்தபோது, இத்தனை விலை கொடுத்து இந்த யானையை யார் வாங்குவார்? அப்போது ஜெராக்ஸ் நிறுவனத் தலைவர் ஜோ வில்சன் என்ன செய்தார்? விற்பதை விட்டுவிட்டு வாடகைக்கு விட்டார். மாதம் 95 டாலர். முதல் 2,000 நகல் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் மீட்டர் ஓடும், நகலுக்கு இத்தனை சென்ட் என்று. பிடிக்கவில்லையா, 15 நாள் முன்னால் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பலாம். நஷ்டம் வந்தால் அது என் தலையோடு போகட்டும் என்று தலைவன் முன்வந்து நின்ற இடம் அது. அலுவலகங்களில் என்ன ஆயிற்று? மாதம் முழுக்கத் தாங்கும் என்று போட்ட 2,000 நகல், பல இடங்களில் ஒரே நாளில் தீர்ந்தது. தீப்பிடிக்கும் எந்திரம் தீப்பிடித்த மாதிரிப் பரவியது!

பீட்டாமேக்ஸ் கதை எல்லாருக்கும் தெரியும், நீட்டவில்லை. வீட்டில் வீடியோ கேசட் பதிவு செய்யும் முறை அது; சோனி 1975-ல் முந்திக்கொண்டது. ஜேவிசி கம்பெனி மறு வருஷம் விஎச்எஸ் என்ற போட்டி முறையோடு வந்தது. அந்த முறையைப் பல கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுத்துத் தயாரிக்க விட்டது. கடைசியில் சந்தையைப் பிடித்தது விஎச்எஸ்தான். படத்தெளிவில் பீட்டாதான் ஒசத்தி என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

நடுவர் அவர்களே, ஒரு காலத்தில் நானும் எதிரணிதான். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, மருத்துவ கிளினிக்குகளுக்குக் கணக்கு மென்பொருள் ஒன்றை 14 மாதம் உட்கார்ந்து செய்தேன். முதலாளிகளிடம் காட்டினோம். "பிரமாதம் தம்பி" என்றார்கள். ஒருவரும் வாங்கவில்லை. இன்னும் நாலு வசதி சேர்ப்போம் என்று திரும்ப ராத்திரி விழித்தோம். அப்போதும் "பிரமாதம் தம்பி"தான்.

ஒருநாள் வெறுத்துப்போய் ஒரு கிளினிக்கில் பில் போடும் அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு தொகையையும் முதலில் நோட்டில் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினார். "ஏம்மா ரெண்டு வேலை?" என்றேன். "கம்ப்யூட்டர்ல தப்பு வந்தா என்னைத்தான் கேப்பாங்க. பழைய பாக்கி எல்லாம் இந்த நோட்டுலதான் இருக்கு. அதை யார் உக்காந்து ஏத்துறது?" என்றார். பணம் கொடுப்பவர் முதலாளி, வேண்டாம் என்று சொல்பவர் இந்த அம்மா. எங்களுக்கு அது 14 மாதமாகத் தெரியவில்லை. மறுநாள் முதல் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றினோம்: "பழைய நோட்டு முழுக்க நாங்களே ஏற்றித் தருகிறோம்." மென்பொருளில் ஒரு வரி மாறவில்லை. அந்த மாதமே மூன்று கிளினிக் வாங்கியது.

இந்த வேலைக்கு விற்பனை ஆளை வைத்தால் போதாதா என்பார்கள். முதல் பத்து வாடிக்கையாளருக்குப் போதாது. ஆள் போனால் "வேண்டாமாம் சார்" என்று வந்து நிற்பார். ஏன் வேண்டாம் என்பது வழியிலேயே உதிர்ந்துவிடும். வீட்டு அறைகளை இணையத்தில் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பியைத் தொடங்கியவர்கள் 2009-ல் நியூயார்க்கில் வீடு வீடாக ஏறி, வாடகைக்கு விடுகிறவர்களின் அறைகளைத் தாங்களே படம் பிடித்தது இதற்காகத்தான்.

"அப்படியானால் மட்டமான சரக்கையும் தள்ளிவிடலாமா?" என்று ஐயா கேட்பார், முகத்திலேயே தெரிகிறது. முடியாது ஐயா. மட்டமான சரக்குக்கு நல்ல வழி கிடைத்தால் கெட்ட பெயர்தான் வேகமாகப் போய்ச் சேரும். ஒப்புக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்த 914-ஓடு போன சின்னத் தீயணைப்பானைத் தரத்தின் கணக்கில் எழுதுவதா, எங்கள் கணக்கில் எழுதுவதா? நன்றி, வணக்கம்.