ஓட்டை போட்ட டப்பா போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை வீட்டுக்குள் விளையாடப் பெரிதும் உதவுவது கடையில் வாங்கும் பொம்மையா, வீட்டில் கிடக்கும் பொருளா என்பது தலைப்பு. வீட்டுப் பொருளே என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை வைத்தார். பொம்மை சோதனை முடிந்து விற்பனைக்கு வருகிறது. பேசும் பொம்மை மொழி கற்றுத் தருகிறது. பெற்றோருக்கு அரைமணி நேரமாவது கை ஓய்கிறது. மூன்றையும் தொடுகிறேன். முதலில் ஒரு டப்பாவை இந்த மேடையில் வைத்துக்கொள்கிறேன்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று. ஜாடிகளின் பிளாஸ்டிக் மூடிகள் ஆறேழு, குறுக்களவு 6 செ.மீ.க்குக் குறையாமல். டப்பாவின் மூடியில் ஒரு பிளவு வெட்டுங்கள்: ஜாடி மூடியின் குறுக்களவைவிட 1 செ.மீ. நீளம் கூடுதலாக, அதன் தடிமனைவிட அரை செ.மீ. அகலமாக. வெட்டிய விளிம்பு விரலைக் கீறும், அதில் டேப் ஒட்டிவிடுங்கள். இவ்வளவுதான் வேலை.

இதை ஒன்றரை வயதுக் குழந்தையின் முன் வைத்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. முதலில் மூடியைப் படுக்கைவாக்கில் பிளவின் மேல் வைத்து அழுத்தும். போகாது. தட்டும். போகாது. பிறகு எப்போதோ மணிக்கட்டு திரும்புகிறது, மூடி நிமிர்கிறது, "டொக்" என்று உள்ளே விழுகிறது. குழந்தை குனிந்து பிளவுக்குள் பார்க்கும். போன பொருள் எங்கே? டப்பாவைக் குலுக்கும், உள்ளே சத்தம் கேட்கும். மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்பதைக் கை, கண், காது மூன்றும் சேர்ந்து உறுதிசெய்கின்றன. பிறகு திறந்து கொட்டும், மறுபடி போடும்.

இதில் தவறக்கூடியது பிளவின் அளவு. இறுக்கமாக வெட்டினால் நாலு முறை முயன்று டப்பாவைத் தூக்கி எறியும். தளர வெட்டினால் இரண்டே நிமிடத்தில் சலித்துவிடும். முதல் நாள் பெரிய வட்ட ஓட்டை, பழகியதும் பிளவு, அதுவும் பழகியதும் டப்பாவைக் கால்வட்டம் திருப்பி, பிளவு குறுக்காக வரும்படி வையுங்கள். அதே டப்பா, புதிய சிக்கல். கடைப் பொம்மையில் ஓட்டையின் அளவைத் தொழிற்சாலை முடிவு செய்கிறது. இங்கே எதிரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கையைப் பார்த்து நாம் முடிவு செய்கிறோம். எங்கள் அணியின் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் நிற்கிறது.

தண்ணீரும் அப்படியே. தரையில் கனமான துண்டு, அதன்மேல் விளிம்புள்ள அகலத் தட்டு, இரண்டு கிண்ணம், ஒரு ஸ்பாஞ்ச். ஒரு கிண்ணத்தில் மட்டும் இரண்டு விரற்கடை தண்ணீர். ஸ்பாஞ்சை நனைத்து அடுத்த கிண்ணத்தில் பிழிவது இரண்டு வயதுக்கு. சின்னக் கைப்பிடிக் குவளையிலிருந்து ஊற்றுவது அதற்கு அடுத்து. பலரும் குவளையை நிறைத்துக் கொடுத்துவிட்டு, குழந்தை கொட்டிவிட்டதாகக் குறைப்படுகிறார்கள். குவளையின் கனத்தை அந்த மணிக்கட்டு தாங்காததால்தான் கொட்டுகிறது. கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். எதுவரை ஊற்ற வேண்டும் என்று டம்ளரின் வெளிப்பக்கம் வண்ண டேப் ஒட்டினால், ஊற்றுவது குறி பார்த்து நிறுத்துவதாக மாறும். நான்கு வயதில் புனலும் சொட்டுக்குழாயும் கொடுங்கள். ஒல்லியான உயர டம்ளரிலிருந்து அகலக் கிண்ணத்துக்கு மாற்றும்போது, "தண்ணி குறைஞ்சுபோச்சு" என்று அந்தக் குழந்தை சத்தியம் செய்யும். திருத்த வேண்டாம். மறுபடி உயர டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள், அது போதும். ஒன்று மட்டும் கட்டாயம்: சில அங்குலத் தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கிவிட முடியும். எழுந்து போகும்போது தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போங்கள்.

இனி எதிரணித் தலைவரின் முதல் காரணம், பாதுகாப்பு. அதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மைப் பாகங்களைச் சோதிக்க 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் முழுதாக அடங்கும் பாகம் அந்த வயதுக்கு ஆகாது. சரி, அந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாமே! டாய்லெட் பேப்பர் சுற்றியிருந்த அட்டைக்குழாயின் அகலம் ஏறக்குறைய 4 செ.மீ. அதற்குள் நுழையும் எதையும் மூன்று வயதுக்குள் கொடுக்காதீர்கள். உருளையைவிடக் குழாய் அகலம் என்பதால் நம் சோதனை இன்னும் கண்டிப்பானது. டப்பா விளையாட்டுக்கு 6 செ.மீ. மூடி கேட்டதும் இதனால்தான். பாட்டில் மூடி வேண்டாம்.

பாதுகாப்பு என்று சொன்ன தலைவர் பாட்டுப் பாடும் பொம்மையின் வயிற்றைத் திறந்து காட்டவில்லை. அவற்றில் பலவற்றில் பட்டன் பேட்டரி, அதாவது காசு போன்ற சின்ன வட்டப் பேட்டரி, இருக்கிறது. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடும் புண்ணாக்கும். திருகாணி போட்ட மூடி இருக்கும், உண்மை. பத்து முறை கீழே விழுந்து மூடி விரிசல் விட்டபின்? டிவி ரிமோட்டிலும் அந்தப் பேட்டரி இருக்கலாம், ஆனால் அதை விளையாடு என்று நாம் கையில் கொடுப்பதில்லை.

இரண்டாவது, மொழி. 2016இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 இணைகள். மின்னணுப் பொம்மையோடு விளையாடியபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன, பெற்றோரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசுவதும் குறைந்தது. பொம்மை பேசியது, வீடு வாயை மூடிக்கொண்டது. அந்த ஆய்வில் மின்னணுப் பொம்மையைவிட நன்றாகத் தேறிய சாதாரணப் பொம்மைகளும் கடையில் வாங்கியவைதானே என்று எதிரணி கேட்கலாம். ஆமாம். அவை சும்மா இருந்தன, அதனால்தான் பெற்றோர் பேசினார்கள். சும்மா இருப்பதில் நம் வீட்டுக் கரண்டியை மிஞ்ச எது உண்டு?

எண்ணிக்கையும் முக்கியம். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். 2018இல் வெளியான ஆய்வு இது. வீட்டுப் பொருளானாலும் ஒரு நேரத்தில் நாலுதான் வெளியே இருக்கட்டும்.

அட்டைப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பொம்மைகளுக்கென்றே ஒரு புகழ்மண்டபம் இருக்கிறது. 2005இல் அங்கே அட்டைப்பெட்டிக்கு இடம் கொடுத்தார்கள், 2011இல் போர்வைக்கும் கொடுத்தார்கள். பொம்மை உலகமே ஒப்புக்கொண்டதை எதிரணி மறுக்கலாமா? ஸ்டேப்பிள் கம்பிகளைப் பிடுங்கி, இரு முனையும் திறந்துவிட்டால் அது குகை.

மூன்றாவது, அரைமணி ஓய்வு. இரண்டு வயதுக்காரர் ஒரே விளையாட்டில் தனியாக அரைமணி உட்கார மாட்டார், எந்தப் பொம்மை வந்தாலும் சரி. சில நிமிடங்கள்தான் அந்த வயதின் அளவு. மூன்று வயதுக்கு மேல், பொருளை வாயில் போடும் பழக்கம் போனபின், கொஞ்சம் நீண்ட நேரத்துக்குப் பிசைமாவு கைகொடுக்கும். மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெந்நீர் முக்கால் முதல் 1 கப் வரை. பெரியவர்தான் கலக்க வேண்டும். தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் கூழாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஐந்து நிமிடம் பிசையுங்கள். கல்லுப்பு போட்டால் நறநறக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் தாங்கும். உப்பு ஈரத்தை இழுப்பதால் மறுநாள் பிசுபிசுத்தால் ஒரு கரண்டி மாவு தூவிப் பிசைந்தால் சரியாகும். பச்சை மாவும் இவ்வளவு உப்பும் வயிற்றுக்குள் போகக்கூடாது, பக்கத்தில் ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

கை ஓடியது, கால்? ஒன்று முதல் நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. மழை நாளில் தரையில் காகித மாஸ்கிங் டேப்பை ஒட்டுங்கள்: நேர்கோடு, வளைகோடு, ஒரு சாண் இடைவெளியில் தாண்டும் கோடுகள். இரண்டு வயது கோட்டின்மேல் நடக்கும், நான்கு வயது குதிகாலும் நுனிக்காலும் தொட நடக்கும். சாயங்காலமே பிய்த்துவிடுங்கள், நாள்கணக்கில் விட்டால் பசை தரையில் தங்கிவிடும்.

வீடு குப்பையாகுமே என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆகும். அதற்கும் ஒரு கூடை இருக்கிறது. காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி, இரண்டடி தள்ளிக் கூடையை வைத்து, "எறி" என்று சொல்லுங்கள். கடைசியாக விழுவது அந்த டப்பாவும் மூடிகளுமாக இருக்கட்டும். நாளைக்கு முதலில் கேட்பது அதைத்தான்.

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.