ஓய்ந்த தோட்டத்துப் பட்டாம்பூச்சிகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்ததும் சென்னை வீட்டுத் தோட்டங்களுக்கு ஒரு களைப்பு வந்துவிடும். சாமந்தி கருகத் தொடங்கும். துளசிக் கதிர்கள் முற்றிவிடும். மழையில் தானாக முளைத்த செடிகள் சுற்றுச்சுவர் ஓரம் காய்ந்து நிற்கும். எல்லாவற்றையும் வெட்டி வாரிவிட்டால் இடம் சுத்தமாகும் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். பட்டாம்பூச்சியை வெகு பக்கத்தில் போய்ப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த ஓய்ந்த தோட்டம்தான் நல்ல இடம்.

காரணம் அந்தக் காய்ந்த செடிகள். காலி மனைகளில் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் தானாக வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அவை வாடிக் காயும்போது வெந்தய வரியன் போன்ற பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் தேடி வரும். அங்கே பூவும் இல்லை, தேனும் இல்லை. காய்ந்த தண்டின்மேல் உறிஞ்சுகுழலால் ஒரு துளி நீரை வைத்து, அதில் கரைவதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் செடிகளில் உள்ள ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருள்தான் அதற்கு வேண்டும். பெண்ணைக் கவரும் மணத்தை அதிலிருந்துதான் தயாரிக்கிறது. இந்த வேலையில் இறங்கிய பூச்சி சுலபத்தில் இடத்தை விட்டு நகராது. பூவில் உட்கார்ந்தால் சில நொடியில் பறந்துவிடுகிற அதே பூச்சி, இங்கே நீங்கள் மண்டியிட்டு, மூச்சை நிதானப்படுத்தி, ஃபோகஸைச் சரிசெய்யும்வரை இருக்கும். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் தோட்டத்தில் வேறு இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெந்தய வரியனிடமே தொடங்குங்கள். ஆரஞ்சுச் சிறகு, கறுப்பு விளிம்பு, முன்சிறகின் நுனியருகே வெள்ளைப் பட்டை. இதன் புழு எருக்கு இலை தின்று வளர்கிறது. எருக்கின் நஞ்சு உடம்பில் சேர்வதால் பெரும்பாலான பறவைகள் இதைத் தொடுவதில்லை. அதனால் இதற்குப் பதற்றமும் குறைவு, பறப்பதும் நிதானம். பின்சிறகின் நடுவில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளைப் படத்தில் எண்ணிப் பாருங்கள். பெண்ணுக்கு 3, ஆணுக்கு 4. அந்த நாலாவது புள்ளி ஆணின் மணப்பை.

நேரம் காலைதான். தை மாதத்தில் சூரியன் 6.30 மணியை ஒட்டி எழுகிறது. பட்டாம்பூச்சிக்கு உடம்புச் சூடு வெயிலிலிருந்து வர வேண்டும். மார்புத் தசை சூடேறாமல் பறக்க முடியாது. அதனால் முதல் வெயில் விழும் இலையில் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். அப்போது போங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது, இதுதான் முக்கியம். நின்றபடி மேலிருந்து குனியாமல், தள்ளியே உட்கார்ந்து தாழ்வாக நகருங்கள். பல சின்னக் கண்கள் சேர்ந்த அதன் கூட்டுக்கண் அசைவைக் கண்டுபிடிப்பதில் கெட்டி.

சரி, கேமரா. மிக அருகில் போய்ப் பெரிதாக எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இருக்கும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் என்னும் வெற்றுக் குழாயை மாட்டினாலும் போதும். ஃபோனில் எடுப்பவர்கள் முகத்தருகே கொண்டுபோய் நீட்டாமல், கொஞ்சம் தள்ளி நின்று, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் டெலி லென்ஸில் எடுக்கலாம். பூச்சியின் தலை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழும்படி நெருங்கினால், எஃப் 8 அபர்ச்சரில் (லென்ஸின் ஒளித் துளை அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். எஃப் 16-க்குப் போனாலும் 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். ஆகவே முழுப் பூச்சியை எடுக்கும்போது மூடிய சிறகின் பக்கவாட்டுக்கு இணையாகக் கேமராவைப் பிடியுங்கள். தலையை எடுக்கும்போது கண் தெளிவாக இருந்தால் போதும், மற்றது மங்கட்டும். சரியாக விழுந்த படத்தைப் பெரிதாக்கினால், ஓடு வேய்ந்த கூரைபோல் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பது தெரியும். அந்த வண்ணமெல்லாம் செதில்களுடையதுதான்.

இந்தப் பருவத்தில் கிழிந்த சிறகுகள் நிறையக் கண்ணில் படும். பலர் ‘இது வேண்டாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவைதான் விருப்பம். இரண்டு பின்சிறகிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் துண்டு போயிருந்தால், சிறகை மூடி உட்கார்ந்திருந்தபோது பறவையோ ஓணானோ கவ்வி, பூச்சி தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த பூச்சியிடம் இந்தக் கதை இருக்காது.

அப்புறம், உங்கள் வீட்டில் கறிவேப்பிலை மரம் இருந்தால் கறிவேப்பிலை அழகி கட்டாயம் வரும். அதன் பெண்களில் ஒரு வகை, நஞ்சுள்ள ரோஜா அழகியைப் போலவே வேடமிட்டு வரும். தூரத்தில் இரண்டும் ஒன்றுதான். நெருங்கி எடுத்த படத்தில் உடம்பைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி, கறுப்பாக இருந்தால் கறிவேப்பிலை அழகி. பறவையை ஏமாற்றும் வேடம் படத்தில் இப்படி வெளிப்படுவது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரக்கச் செய்து படமெடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அசையாத படம் கிடைக்கலாம், ஆனால் அந்தப் பூச்சி அன்று என்ன செய்துகொண்டிருந்தது என்பது போய்விடும். கறிவேப்பிலையில் மருந்து அடிக்கும் முன்பு இலையைத் திருப்பியும் பாருங்கள். பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது இளம் புழுவாக இருக்கும்.

தோட்டம் இல்லாதவர்கள் மொட்டை மாடித் தொட்டியில் ஓர் இட்லிப்பூச் செடி வைக்கலாம். கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்காவுக்கும் போகலாம். கேமராவுக்கு அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டம் உள்ளவர்கள் காய்ந்த செடிகளை மாசி முடியும்வரை வெட்டாமல் விட்டுவையுங்கள். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் ஒருமுறை அந்தச் சுவரோரம் போய்ப் பாருங்கள். வணக்கம்.