இரண்டு டன் கணக்கு

அவையோருக்கு வணக்கம். காலநிலை மாற்றத்தில் வளரும் நாட்டின் பொறுப்பு என்ன என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

2021 நவம்பர் 12ஆம் தேதி முடிந்திருக்க வேண்டிய கிளாஸ்கோ காலநிலை மாநாடு, மறுநாள் இரவு வரை இழுத்தது. கடைசி நேரத்தில் நம் அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்தார். நிலக்கரி மின்சாரத்தை ஒழிப்போம் என்று எழுத வேண்டாம், குறைப்போம் என்று எழுதுங்கள் என்றார். வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டார்கள். தலைமை வகித்த அலோக் சர்மா, அவையிடம் மன்னிப்புக் கேட்கும்போது பேச்சு வராமல் தலைகுனிந்து நின்றார். பழி இந்தியாவின் தலையில் விழுந்தது.

முழுப் பழியும் நியாயமல்ல. அந்தத் தீர்மானம் நிலக்கரியைப் பெயர் சொல்லிப் பிடித்தது. பணக்கார நாடுகள் எரிக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் அப்படித் தொடவில்லை. 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகனில் சொன்னவர்கள், அவர்கள் போட்ட கணக்கின்படியே 2022இல்தான் அந்தத் தொகையை எட்டினார்கள். அதிலும் பெரும்பகுதி கடன்! ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவை வெளியேற்றுகிறார். ஓர் இந்தியர் 2 டன் அளவில்தான் நிற்கிறார்.

சரி, அந்த 2 டன் யாருடையது? அறைக்கு அறை ஏ.சி. ஓடும் வீட்டையும் ஒற்றை பல்பு எரியும் குடிசையையும் கூட்டி வகுத்தால் வருவது அது. வெளியே ஏழையைக் காட்டி அவகாசம் கேட்கிறோம். உள்ளே அந்த அவகாசத்தை அனுபவிப்பவர் வேறு. வளரும் நாட்டின் பொறுப்பை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

மின் நிறுவு திறனில், அதாவது மின் நிலையங்கள் எல்லாம் முழுவீச்சில் ஓடினால் தரக்கூடிய அளவில், பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராததாக இருக்க வேண்டும் என்ற 2030 இலக்கை இந்தியா 2025லேயே எட்டியது. பாராட்டுவோம். ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாக இன்னும் நிலக்கரிதான் தருகிறது. அதன் கணக்கை எண்ணூரில் பார்க்கலாம். அனல்மின் நிலையச் சாம்பல் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றின் அடியில் படிந்திருக்கிறது. படகு போன இடமெல்லாம் மேடாகிவிட்டது என்கிறார்கள் மீனவர்கள். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அகப்படுவது சாம்பல் சேறு.

2016இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அறிவித்தபோது, குடிசைக்கும் பங்களாவுக்கும் ஒரே அளவுதான். பங்களாவுக்கு எதற்கு? அந்தப் பணத்தில் எண்ணூர்ச் சாம்பலை அள்ளுங்கள். அதற்கு எந்த உலக மாநாட்டின் ஒப்புதலும் தேவையில்லை.