பருப்பு வந்துவிட்டதா, அக்கா?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

நான் வணக்கம் சொன்னதும் உங்களில் பாதிப் பேர் கைகூப்பினீர்கள். மீதிப் பேர் கையில் முறுக்கு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினீர்கள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு தனி நன்றி சொல்லவேண்டும். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

“மதக் குழுக்களை விட்டு வெளியேறியவர்களின் நட்பைத் தாங்கி நிற்பது பட்ட காயமா, பழகும் பேச்சா?” இதுதான் தலைப்பு. காயமே என்று எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். “அரிசி விலை பேச எவரும் போதும், காயத்தைக் காட்ட அதே காயம் பட்டவர்தான் வேண்டும்” என்றார். கைதட்டல் வாங்கிவிட்டார். நானும் தட்டினேன், வாக்கியம் அழகாக இருந்தது. பிறகு ஜோன்ஸ்டவுனைச் சொன்னார், பிசிராந்தையாரைச் சொன்னார். பழகும் பேச்சே என்பது எங்கள் அணி. அவர் சொன்ன இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

ஜோன்ஸ்டவுன் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போதகரின் ‘மக்கள் ஆலயம்’ என்ற குழு தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குள் குடியேறியது. 1978 நவம்பர் 18 அன்று அந்த நாட்டில் ஒரே நாளில் 918 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் நஞ்சு கொடுக்கப்பட்டு இறந்தவர்கள். அதில் ஏராளமான குழந்தைகள். அடையாளம் தெரியாதவர்களும் உரிமை கோர ஆளில்லாதவர்களுமாக நானூறுக்கும் மேற்பட்டோரைக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் சேர்த்துப் புதைத்தார்கள். பிழைத்தவர்கள் இன்றும் நினைவுநாளில் அங்கே கூடுகிறார்கள். “பார்த்தீர்களா, வலி சேர்த்துவைத்தது!” என்கிறார் அம்மையார்.

அம்மா, ஒரு கணக்கு விட்டுப்போய்விட்டது. லாரா ஜான்ஸ்டன் கோல் என்ற பெண்மணி அன்று தலைநகர் ஜார்ஜ்டவுனில் இருந்ததால் உயிர் பிழைத்தவர். பின்னாளில் இதைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவர். அவர் மற்ற பிழைத்தவர்களோடு மறுபடியும் சேர்ந்தது எப்போது? 1998இல், இருபதாம் நினைவுநாளின்போது! நடுவில் சினனான் என்ற வேறொரு கூட்டுவாழ்க்கை இயக்கத்திற்குள் போய்ப் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். வலி ஒட்டவைக்கும் பசை என்றால், அது முதல் நாளிலேயே அல்லவா ஒட்டியிருக்கவேண்டும்? வலி பச்சையாக இருந்தபோது ஆளுக்கொரு திசை. ஆறத் தொடங்கியபோதுதான் “நீ எங்கே வேலை பார்க்கிறாய், பிள்ளைகள் எத்தனை” என்று கேட்கவே வாய் வந்தது. ஜோன்ஸ்டவுனை எங்கள் அணியின் பக்கம் நகர்த்தி எழுதிக்கொள்ளும்படி நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இந்தக் குழுக்கள் விலகிப்போகிறவர்களிடமிருந்து முதலில் எதைப் பிடுங்குகின்றன? நிலத்தையா, நகையையா? பேச்சை!

யெகோவாவின் சாட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் இருக்கிறார்கள், வீட்டுக் கதவைத் தட்டி மரியாதையாகப் பேசிவிட்டுப் போகிறவர்கள். அங்கே ‘சபைநீக்கம்’ என்று ஒரு தண்டனை. அப்படி நீக்கப்பட்டவரிடமும், தானாக விலகிப்போனவரிடமும் சாதாரணமாக நலம் விசாரிக்கக்கூடாது என்றிருந்தது. 1981 செப்டம்பரில் அவர்களின் காவற்கோபுரம் பத்திரிகை இதை விளக்கியபோது சொன்ன காரணத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். வெறும் ஒரு ‘ஹலோ’ பேச்சாக வளரும், பேச்சு நட்பாகக்கூட வளர்ந்துவிடும், அந்த முதல் அடியை எடுத்துவைக்கலாமா என்று கேட்டது அந்தப் பத்திரிகை. நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதத்தை எங்களைவிடத் தெளிவாக, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, மறு கரையில் நின்றுகொண்டு சொல்லிவிட்டார்கள்! நட்பு எங்கே முளைக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஹலோவிலேயே கை வைத்தார்கள். 2024இல் விதி கொஞ்சம் தளர்ந்தது. நீக்கப்பட்டவரைக் கூட்டத்திற்கு வரச் சொல்லலாம், வந்தால் சுருக்கமாக முகமன் கூறலாம் என்றார்கள். நீட்டிப் பேசக்கூடாது. ஆக, முழ அளவைச் சாண் அளவாக்கியிருக்கிறார்கள், அளவுகோல் அதேதான்.

உள்ளே இருப்பவர்கள் ஈரமில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. மகனைப் பார்த்தும் பாராததுபோல் கடந்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அதை இங்கே நீட்டிப் பேச எனக்கு மனமில்லை.

பழைய வாழ்முறையை விடாத கிறிஸ்தவர்களான அமெரிக்காவின் ஆமிஷ் மக்களிடையே, ஞானஸ்நானம் பெற்ற பிறகு விலகியவரோடு ஒரே மேசையில் உண்ணக்கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சில வீடுகளில் அம்மாக்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு மேசைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டுப் போடுவது, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவது! சட்டப்படி இரண்டு மேசை, பார்வைக்கு ஒன்று. அம்மாக்கள் எந்த நாட்டிலும் அம்மாக்கள்தான். அப்படி வெளியேறியவர்கள் பலர் வெளியூரில் ஒருவரையொருவர் கண்டால், வீட்டில் பேசிய பென்சில்வேனியா ஜெர்மன் மொழிக்குத் தாவிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே வாழும் மொழி. சோளம், குதிரை, பாட்டியின் வசவு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. விலகி வந்தவருக்கு அந்த மொழியில் பேச ஆள் கிடைப்பதே விருந்து.

எங்கோ போய்விட்டேன். என் தெருவுக்கே வருகிறேன்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, பதினேழு ஆண்டுகள் ஒரு ஜெபக் குழுவில் இருந்தவர். எந்தக் குழு என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அங்கே நகை கூடாது, பூ கூடாது, தொலைக்காட்சி கூடாது, காய்ச்சலுக்கு மாத்திரைகூடக் கூடாது. ஒருவரையொருவர் கண்டால் “ஸ்தோத்திரம், சகோதரி”. பதிலுக்கும் அதே. மகனுக்கு டெங்கு வந்தபோது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதோடு அங்கிருந்தும் வெளியேறினார்.

இரண்டு ஆண்டு கழித்து, ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற பெண் திரும்பினாள். அதே குழுவில் இருந்தவள். அவளும் வெளியே வந்துவிட்டாள் என்பது அவள் கொண்டையில் இருந்த முல்லையைப் பார்த்தே தெரிந்தது. இருவருக்கும் வாய் திறந்தது. சொல் வரவில்லை. ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்ல இருவராலும் முடியாது. ‘வணக்கம்’ என்றால் ஏதோ கட்சிக் கூட்டம்போல இருக்கிறது. அந்த நிமிடத்தை அக்கா எனக்கு நடித்தே காட்டினார். வாய் பாதி திறந்தபடி, கையில் மண்ணெண்ணெய் கேனும் பையுமாக. கடைசியில் அந்தப் பெண் கேட்டாளாம்: “பருப்பு வந்துவிட்டதா, அக்கா?”

“பாமாயில் வந்திருக்கிறது. பருப்புதான் இல்லை.”

நட்பு தொடங்கியது இப்படித்தான். கவனித்தீர்களா, சகோதரி அக்காவாகிவிட்டார்!

போன மாதம் என் மகளின் பள்ளிச் சீருடையை வாங்கப் போனேன். அந்தப் பெண் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் காதில் ஒரு வேப்பங்குச்சித் துண்டு. பதினேழு ஆண்டில் காது தூர்ந்துபோய்விட்டதாம், ஆசாரியிடம் போய் மறுபடியும் குத்திக்கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பெண் கண்ணாடியில் தன் காதுமடலை இழுத்துப் பார்த்துக்கொண்டே, “எனக்கும் ஆசைதான் அக்கா, பயமாக இருக்கிறது” என்றாள்.

“எதற்குப் பயம்? ஊசிக்கா, நரகத்துக்கா?”

“இரண்டுக்கும்தான்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் இயந்திரத்தின் மேலிருந்த நூற்கண்டு உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். நான் சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி பேச்சு ஜாக்கெட் கைக்கு அரை அங்குலம் கூட்டலாமா என்பதற்குப் போய்விட்டது.

எதிரணி இப்போது துள்ளிக் குதிக்கும். “அந்தச் சிரிப்புக்கு அடியில் இருப்பது பழைய வலிதானே?” என்பார்கள். ஆமாம், மறுக்கவில்லை. அந்த நகைச்சுவைக்கு நான் உரை கேட்கவேண்டும், அவர்களுக்கு வேண்டாம். ஆனால் அதே கடைக்கு அதே குழுவிலிருந்து வெளியேறிய இன்னொருவரும் வருவார். அதே காயம், சொல்லப்போனால் இன்னும் ஆழமான காயம். வந்தால் மூன்று மணி நேரம் போதகரைத் திட்டுவார். நியாயமான திட்டுதான். ஒரு நாள் அக்காவின் விரலில் தையல் ஊசி ஏறி, கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று மணி நேரத்தில், “கையில் என்ன?” என்று அவர் கேட்கவில்லை. மாலையில் வந்த அந்தப் பெண், பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள். காயம் நட்பைத் தாங்கும் என்கிறீர்களே, கண்ணெதிரில் இருந்த காயத்தையே பார்க்கவிடவில்லையே அந்தப் பழைய காயம்!

இன்னொன்றும் நடக்கும். காயத்தை மட்டும் பேசும் கூட்டத்தில், “அங்கே பாட்டு மட்டும் நன்றாக இருக்கும்” என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். எல்லாரும் அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பழைய குழுவில் சந்தேகம் பாவம் என்றால், இங்கே ஏக்கம் பாவம். தையல் கடையில் அந்தத் தொல்லை இல்லை. அக்கா பொத்தான் தைக்கும்போது பழைய பாட்டை முணுமுணுப்பார். அந்தப் பெண் இரண்டாம் அடியை எடுத்துக்கொடுப்பாள். யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இதற்கு மூத்த சாட்சி ஒருவரை ஆம்ஸ்டர்டாமிலிருந்து அழைக்கிறேன். 1656 ஜூலை 27 அன்று, பின்னாளில் பெரிய தத்துவஞானியான, அப்போது இருபத்து மூன்று வயது ஸ்பினோசாவை அந்நகர யூதச் சமூகம் தள்ளிவைத்தது. யாரும் அவரோடு பேசக்கூடாது, எழுத்திலும் தொடர்பு கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக்கூடாது, நான்கு முழ தூரத்திற்குள் நெருங்கக்கூடாது. அவர்கள் சிறு குழு அல்லவே என்று எதிரணி கேட்கலாம். அல்லதான். ஆனால் தள்ளிவைக்கும் இலக்கணம் எங்கும் ஒன்று. நம் கிராமங்களில் அன்னம் தண்ணீர் புழங்கக்கூடாது என்பார்களே, அதேதான். அடுத்து ஹுவான் டி பிராடோ என்ற மருத்துவரும் தள்ளப்பட்டார், ஸ்பினோசாவைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். இந்த இருவரும் பேசிக்கொண்டது நமக்கு எப்படித் தெரியும்? 1659இல் ஒரு துறவியும் ஒரு படைத் தலைவரும் மாட்ரிட்டில் கத்தோலிக்க மதவிசாரணை மன்றத்தின் முன் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில், கானரித் தீவுகளிலிருந்து தன் தொழுநோய்க்கு வைத்தியம் செய்துகொள்ள வந்திருந்த ஒருவர் வீட்டுக்கு ஸ்பினோசாவும் பிராடோவும் வந்துபோவார்களாம். ஸ்பினோசா தான் ஸ்பெயினைப் பார்த்ததில்லை, பார்க்க ஆசை என்றாராம். பெரிய தத்துவஞானி ஊர் பார்க்கும் ஆசையைப் பேசியிருக்கிறார்! நம்பிக்கை போனதற்கு அவர்கள் வருந்தவில்லை. வருத்தமெல்லாம், தொழுகைக்கூடத்தில் கிடைத்துவந்த உதவி நின்றதும், மற்ற யூதர்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனதும்தான் என்று பதிவாகியிருக்கிறது. உளவு சொன்னவர் வாயிலிருந்தே நமக்குச் சாட்சி கிடைத்திருக்கிறது.

பிசிராந்தையாருக்கு வருகிறேன். பார்க்காமலே, பேசாமலே கோப்பெருஞ்சோழனுக்கு நண்பரானார், ஆகவே பேச்சு தேவையில்லை என்றார் அம்மையார். வடக்கிருந்த சோழன் என்ன செய்தான்? என் நண்பன் வருவான், அவனுக்குப் பக்கத்தில் இடம் விடுங்கள் என்றான். பேச்சே வேண்டாத நட்புக்குப் பக்கத்தில் இடம் எதற்கு, அம்மா? சாகப்போகும் நேரத்திலும் அவனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது.

நம் குழந்தைகளைக் கேளுங்கள். சண்டை வந்தால் ‘காய்’. காய் விட்டால் பேச்சு இல்லை. சமாதானம் என்றால் ‘பழம்’. பழம் விட்டால் முதலில் கேட்பது, “உன் டப்பாவில் இன்றைக்கு என்ன?” அடித்த அடியைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? பெரியவர்களும் உறவு முறிந்ததை எப்படிச் சொல்கிறோம்? “எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.” அவ்வளவுதான். உறவுக்குத் தமிழ் வைத்த மறுபெயரே பேச்சுவார்த்தை.

மணி அடித்துவிட்டார்கள். நேற்று இரவு தையல் கடைக்குப் போய், உங்களைப் பற்றி மேடையில் பேசலாமா அக்கா என்று கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தார். “பெயரைச் சொல்லவேண்டாம். முன்வரிசையில் அதிகாரிகள் யாராவது உட்கார்ந்திருந்தால், இந்த மாதமாவது பருப்பு வருமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்” என்றார்.

கேட்டுவிட்டேன். நன்றி, வணக்கம்.